உடல் பருமன்: ஊசிகள் வந்துவிட்டன, நெய்யாற்றின்கரை எழுப்பிய கேள்வி நிற்கிறது

நெய்யாற்றின்கரை: உடல் எடையைக் குறைக்கும் வாராந்தர ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்து, அவற்றின் விலையில் போட்டியும் தொடங்கிவிட்ட நிலையில், கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தில் பத்தாண்டுகளுக்கு முன் நடத்தப்பட்ட ஒரு கள ஆய்வு புதிய முக்கியத்துவம் பெறுகிறது. மருந்தின் துணையின்றி, ஊர் மக்களே ஒருவருக்கொருவர் ஆதரவாக நின்று உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதே அன்று சோதிக்கப்பட்டது. கிடைத்த விடையை வெற்றி என்று கொண்டாடவும் இயலாது, தோல்வி என்று ஒதுக்கவும் இயலாது. அதைச் சரியாகப் படிக்காமல் ஊசியை மட்டும் நம்பி இறங்கினால், குடும்பங்களும் அரசுகளும் பெரும் தொகையைச் செலவிட்ட பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர நேரலாம்.

எல்லையின் இருபுறமும்

பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளை வந்தால் கேரளம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஊர் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததே தவிர அடுப்பங்கரையைப் பிரிக்கவில்லை. புழுங்கல் அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு, மீன் குழம்பு, தேங்காய் அரைத்த கறி, மாலையில் தேநீரோடு பொரித்த நேந்திரம்பழம் என்று இருபுறத்து உணவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இடுப்பில் சேரும் கொழுப்பும் அப்படியே. 2019-21-ல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல் நிறைச் சுட்டெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ள பெண்கள் கேரளத்தில் 38.1 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். ஆண்களில் இது முறையே 36.4, 37.0 சதவீதம். அகில இந்திய அளவில் பெண்களில் 24.0, ஆண்களில் 22.9 சதவீதமே. இதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் கேரளப் பெண்களில் 32.4 சதவீதமாகவும் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதமாகவும் இருந்த அளவு, ஐந்தாண்டுகளுக்குள் இவ்வளவு உயர்ந்திருக்கிறது. கேரளத்தின் கல்வியறிவையும் மருத்துவ வசதியையும் காட்டி அம்மாநிலத்தைப் பாராட்டுவோர் பலர். இந்த ஒரு கணக்கில் அந்த மேன்மைகள் எதுவும் கைகொடுக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. 1,13,043 பேரைப் பரிசோதித்த அந்த ஆய்வு, நாட்டின் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உள்ளதாகக் கணித்தது. கேரளத்தில் அது 25.5 சதவீதம், கோவா, புதுச்சேரிக்கு அடுத்த இடம். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தோர் நாடு முழுவதும் 39.5 சதவீதம். பொதுவான உடல் பருமன் உள்ளோரை விட (28.6 சதவீதம்) இது அதிகம் என்பது கவனிக்கத்தக்கது. உடல் முழுவதும் பெருக்காமலேயே வயிறு மட்டும் முன்தள்ளும் உடலமைப்பு இந்நாட்டில் பரவலாகியிருக்கிறது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணின் வயிற்று நோய் வேறாக இருந்தது. குமரி மாவட்டம் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஹோவர்ட் சோமர்வெல், 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற ஆங்கிலேயக் குழுக்களில் இடம்பெற்ற மலையேறி. தென் திருவிதாங்கூரின் ஏழைகளிடம் மிகுந்து காணப்பட்ட சிறுகுடல் புண்ணுக்கு அவர் ஏராளமான அறுவை சிகிச்சைகள் செய்தார். மரச்சீனியையே பெரிதும் நம்பியிருந்த சத்துக் குறைந்த உணவோடு அந்நோய் அக்காலத்தில் தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. பாறசாலைக்கு அருகே காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பற்றாக்குறைக் காலத்தில் உயிரைக் காத்த அதே மாவுச்சத்து, உழைப்பு குறைந்து எண்ணெயும் சர்க்கரையும் பெருகிய காலத்தில் வேறு விளைவைத் தருகிறது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், புரதத்தின் பங்கு 12 சதவீதம் மட்டுமே என்றும் 2025 செப்டம்பரில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு ஒன்று தெரிவித்தது.

எடைக்கருவி சொல்லாதது

யாரை உடல் பருமன் உள்ளவர் என்று சொல்வது என்ற தொடக்கக் கேள்வியிலேயே குழப்பம் இருக்கிறது. உலக அளவில் பயன்படும் வரையறைப்படி, கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் இருமடியால் வகுத்துக் கிடைக்கும் சுட்டெண் 25-ஐ எட்டினால் கூடுதல் எடை. 30-ஐ எட்டினால் பருமன். இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் ஒத்துக்கொண்ட வரையறையோ 23-லேயே கூடுதல் எடை என்றும் 25-லேயே பருமன் என்றும் கூறுகிறது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோ ஆகும்போது இந்திய அளவுகோலில் பருமன் உடையவர். உலக அளவுகோலில் அந்த நிலையை அடைய அவர் ஏறக்குறைய 77 கிலோ ஆக வேண்டும். இடையில் உள்ள 13 கிலோவில்தான் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களின் பெரும்பாலான நோயாளிகள் இருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. 2004-ல் லான்செட் இதழில் பிரிட்டன் மருத்துவர் ஜான் யட்கினும் புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக முன்வைத்தனர். இருவருக்கும் சுட்டெண் ஒன்றே, 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எடைக்கருவியில் ஏறி நிற்கும்போது ஒன்றாகத் தெரிந்த இரு உடல்களில் ஒன்றில் இரு மடங்குக்கும் மேலான கொழுப்பு மறைந்திருந்தது. தெற்காசிய உடலுக்கு எடையை விட இடுப்புச் சுற்றளவே உண்மையை நெருங்கிச் சொல்லும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கை எல்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-ல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இந்தப் புரிதலின் மேல் எழுந்தது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்கு கேள்விகள். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. 60 மதிப்பெண்ணைத் தொட்டால் அபாயம் மிகுதி. ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு வயதுக்காகவே 30 மதிப்பெண் விழும். இடுப்பு 90 சென்டிமீட்டர் என்றால் 20. தாய் அல்லது தந்தைக்கு நீரிழிவு இருந்தால் 10. அவர் நடக்கிறாரா, உட்கார்ந்தே இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன்பே 60 வந்துவிடுகிறது. எல்லைக் கிராமங்களில் எத்தனை வீடுகளில் இக்கணக்கு இவ்வாறே முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

60 வாக்குச்சாவடிகளில் நடந்தது

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் அச்சுத மேனன் பொதுச் சுகாதார மையம், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து 2013-ல் தொடங்கிய ‘கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ இந்த மதிப்பெண்ணையே வாயிலாகக் கொண்டது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகள் தேர்வு செய்யப்பட்டு, வாக்காளர் பட்டியலிலிருந்து 30 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்கள் அணுகப்பட்டனர். அபாய மதிப்பெண் 60-க்குக் குறையாமலும், குளுக்கோஸ் பரிசோதனையில் நீரிழிவு இல்லாமலும் இருந்த 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதிக்குச் சராசரியாக 17 பேர். முப்பது பகுதிகளைச் சேர்ந்த 500 பேர் குழுக்களாகக் கூட்டப்பட்டனர். மீதி முப்பது பகுதிகளைச் சேர்ந்த 507 பேருக்கு வாழ்க்கைமுறை குறித்த கையேடு மட்டும் தரப்பட்டது.

குழுவை நடத்தியவர் மருத்துவரோ செவிலியரோ இல்லை. அதே பகுதியைச் சேர்ந்த, குழுவுக்குள்ளிருந்தே வந்தவர்கள் பயிற்சி பெற்று முன்னின்றனர். ஓராண்டில் 15 கூட்டங்கள்: ஓர் அறிமுகம், நிபுணர்கள் வந்து பேசிய இரண்டு அரைநாள் வகுப்புகள், மற்ற 12-ம் அண்டை அயலார் தாமே கூடிப் பேசியவை. என்ன சமைப்பது, எவ்வளவு நடப்பது, புகையிலையையும் மதுவையும் எப்படிக் குறைப்பது என்பன பேசப்பட்டன. வீட்டுத் தோட்டம் போடுவதும் யோகாசனமும் இடையில் சேர்ந்தன.

மேலை நாட்டு மாதிரியிலிருந்து இது விலகியதற்குக் காரணம், இந்த ஊர்களின் வாழ்க்கை. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான புகழ்பெற்ற தடுப்பு ஆய்வில், ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சியாளர் இருந்தார். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது என்று தனிநபர் இலக்குகள் இருந்தன. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. அந்த முறையை அப்படியே பாறசாலைக்குக் கொண்டுவந்தால் அதற்கான ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதோடு, இங்கே ஒருவர் தட்டில் என்ன விழும் என்பது அவர் ஒருவருடைய முடிவாக இருப்பதும் அரிது. சமைப்பவர் ஒருவர், வாங்கி வருபவர் இன்னொருவர், ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்’ என்று சொல்பவர் வேறொருவர். மாலையில் தனியே நடக்கப் புறப்படும் நடுவயதுப் பெண்ணிடம் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கத் தெருவில் நான்கு பேர் இருப்பார்கள். ஐந்தாறு பேராகப் புறப்பட்டால் அந்தக் கேள்வி எழாது.

முடிவுகள் 2018 ஜூன் மாதம் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியாயின. இரண்டு ஆண்டுகளில், கையேடு மட்டும் பெற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. குழுக்களில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கு வந்தது. வேறுபாடு இருந்தது, ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தைப் புள்ளியியல் நீக்கவில்லை. நாளொன்றுக்கு ஐந்து முறைக்குக் குறையாமல் காய்கனி உண்போர் குழுக்களில் தெளிவாக அதிகரித்தனர். மது அருந்துவது குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் உடல் திறன் மேம்பட்டது. அபாய மதிப்பெண்ணும் சிறிது இறங்கியது. ஆய்வுச் சுருக்கம் எடுத்துக்காட்டிய பலன்களில் எடைக் குறைவு இடம்பெறவில்லை.

இதை மறைக்காமல் சொல்வது அவசியம். பின்னாளில் இத்திட்டம் குறித்து வந்த பாராட்டுரைகள் பலவும் காய்கனிக் கணக்கில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. கையேடு பெற்றவர்களில் ஆறில் ஒருவருக்கு இரண்டே ஆண்டுகளில் நீரிழிவு வந்தது என்பதுதான் அந்த ஆய்வின் மிகவும் கவலைக்குரிய எண். அண்டை அயலாரின் ஆதரவு அந்த வேகத்தைச் சற்றே தளர்த்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை.

தளர்ச்சிக்குக் காரணங்களும் உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், சர்க்கரையைக் கையாளும் திறன் ஏற்கெனவே குன்றிய 531 பேர் மட்டும் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டில் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தது. மெட்பார்மின் மாத்திரை 26.4 சதவீதம் குறைத்தது. எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே இப்பலன் கிடைத்தது என்பது அந்த ஆய்வின் சிறப்பு. நெய்யாற்றின்கரையிலோ ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தவர்களும் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கப்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவும் கையேட்டைப் பெற்றது. காலம் இரண்டு ஆண்டுகளே. பதினைந்து கூட்டங்கள் முடிந்த பின் குழுவைக் கூட்டி வைத்திருக்கும் பொறுப்பு யாருக்கும் நிலையாக இல்லை.

ஆய்வு முடிந்த பின், பெண்களின் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக இம்முறையை மாநிலம் முழுவதும் கொண்டுசெல்லும் முயற்சி நடந்தது. 1998-ல் தொடங்கப்பட்டு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு அது. வாரந்தோறும் கூடிச் சேமிப்பையும் கடனையும் பேசும் அயற்கூட்டங்களில் இடுப்பளவையும் பேச வைக்கலாம் என்பது நல்ல எண்ணம். ஆண்கள் அதற்கு வெளியே நின்றுவிடுவார்கள் என்பது அதன் குறை. கேரள ஆண்களின் பருமன் அளவு 28.5 சதவீதத்திலிருந்து 36.4 ஆக, பெண்களைக் காட்டிலும் விரைவாக ஏறியிருப்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஊசியின் கணக்கு

இந்தச் சூழலில்தான் புதிய மருந்துகள் வருகின்றன. குடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்களைப் போலச் செயல்பட்டு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளையில் பசியுணர்வைத் தணிப்பவை இவை. எலி லில்லி நிறுவனத்தின் டிர்செபடைடு, ‘மௌன்ஜாரோ’ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானது. நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தின் செமாக்ளூடைடு, ‘வெகோவி’ என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனில் வந்தது.

பலன் பெரியது என்பதில் ஐயமில்லை. 1,961 பேரிடம் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் செமாக்ளூடைடு சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. போலி மருந்து பெற்றவர்களிடம் 2.4 சதவீதமே குறைந்தது. டிர்செபடைடின் உயர்ந்த அளவு 72 வாரங்களில் ஏறக்குறைய 21 சதவீதம் வரை குறைத்தது. வாழ்க்கைமுறை ஆலோசனையால் மட்டும் இவ்வளவு எடை குறைந்ததாக எந்தப் பேராய்வும் காட்டியதில்லை. மனவுறுதி இல்லாதவர்களே பருமனாகிறார்கள் என்ற பழைய ஏளனத்தையும் இம்மருந்துகள் அசைத்துவிட்டன. பசி என்பது பெருமளவு உடலின் வேதியியல் என்பது இப்போது கண்கூடு.

அடுத்த கணக்கு அவ்வளவு இனிமையானதன்று. அதே செமாக்ளூடைடு ஆய்வில், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ரத்த அழுத்த மாத்திரையைப் போல இதுவும் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து. மௌன்ஜாரோவின் மிகக் குறைந்த அளவு, அறிமுக விலையில் ஒரு குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒன்றாக மாதத்துக்கு 14,000 ரூபாய். கேரளத்தில் 2025-26-ம் ஆண்டுக்கான ஊரக வேலைத்திட்டக் கூலி நாளொன்றுக்கு 369 ரூபாய். ஒரு மாத ஊசிக்கு 38 நாள் கூலி தேவை. மாதத்திலோ 30 நாள்தான். வெகோவியின் தொடக்க அளவு 17,345 ரூபாயில் விற்கப்பட்டு, 2025 நவம்பரில் 10,850 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதுவும் 29 நாள் கூலிக்கு மேல்.

இந்தியாவில் செமாக்ளூடைடுக்கான முதன்மைக் காப்புரிமையின் காலம் 2026 மார்ச் வரை என்பதால், உள்நாட்டு நிறுவனங்கள் பல தங்கள் தயாரிப்புகளோடு முன்கூட்டியே ஆயத்தமாயின. விலை இறங்கும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ஆனால் விலை இறங்குவதோடு சிக்கலின் தன்மையும் மாறுகிறது. மருந்து விலையுயர்ந்ததாக இருக்கும் வரை நகரத்து நிபுணரின் அறையைத் தாண்டாது. மலிவானால் களியக்காவிளைச் சந்தையை ஒட்டிய மருந்துக் கடைக்கும் வரும். யாருக்குத் தேவை, எந்த அளவில் தொடங்குவது, வாந்தியும் வயிற்று உபாதையும் வந்தால் என்ன செய்வது, கணைய அழற்சியின் அறிகுறி எது என்று பார்த்துச் சொல்ல அங்கே யாராவது இருக்க வேண்டும். குறையும் எடையில் ஒரு பகுதி தசையிலிருந்தும் போகிறது. ஏற்கெனவே தசை குறைந்து, புரதம் 12 சதவீதமே உள்ள உணவை உண்ணும் உடலுக்கு அது சிறிய இழப்பன்று. பசி அடங்கியவர் சோற்றைக் குறைப்பதோடு மீனையும் பயறையும் குறைத்துவிட்டால், எடைக்கருவி மகிழ்ச்சியான எண்ணைக் காட்டும், கால்கள் தளரும்.

மருந்துக்கான தகுதி வரம்பும் உள்ளூர் உடலுக்குப் பொருந்தவில்லை. சுட்டெண் 30, அல்லது வேறு நோய்கள் உடனிருந்தால் 27 என்பதே இம்மருந்துகளுக்கான பொது வரம்பு. 160 சென்டிமீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் 92 சென்டிமீட்டர் இடுப்பும் உள்ள பெண்ணின் சுட்டெண் 26-ஐ எட்டாது. அவர் இந்திய வரையறையில் பருமன் உடையவர், அபாய மதிப்பெண்ணில் முன்வரிசையில் இருப்பவர், ஊசிக்கோ தகுதியற்றவர்.

உலக சுகாதார அமைப்பு 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இம்மருந்துகளை நீண்டகாலப் பயன்பாட்டுக்கு நிபந்தனைகளோடு பரிந்துரைத்தது. உணவு, உடற்பயிற்சி குறித்த தீவிர ஆலோசனையும் உடன் அளிக்கப்படலாம் என்றது. உற்பத்தி எவ்வளவு வேகமாகப் பெருகினாலும், 2030-ல் இவற்றால் பயன்பெறக்கூடியவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களையே இவை சென்றடையும் என்றும் அது மதிப்பிட்டது.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை, மிகக் கடுமையான பருமனுக்கு நிலைத்த பலன் தரும் வழி. சுட்டெண் 40, அல்லது கடும் உடன்நோய்களோடு 35 இருந்தால் மருத்துவக் காப்பீடு அதை ஏற்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மேற்சொன்ன உயரமுள்ள பெண் 90 கிலோவை நெருங்கினால்தான் இந்தக் கதவு திறக்கும். எல்லைக் கிராமங்களின் பெருந்திரளுக்கு இது தொடர்பில்லாத வழி.

வரியும் வேண்டுகோளும்

கேரள அரசு 2016 ஜூலை நிதிநிலை அறிக்கையில், பெயர்பெற்ற உணவகங்களில் விற்கப்படும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத ‘கொழுப்பு வரி’ விதித்தது. அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக்கின் அந்த முயற்சி நாடு முழுவதும் பேசப்பட்டது. மறு ஆண்டு சரக்கு சேவை வரி வந்ததும் அது கரைந்துபோனது. நெய்யாற்றின்கரையின் தட்டுக்கடைகளில் இரவு பத்து மணிக்கு விற்கும் பரோட்டாவை அந்த வரி தொட்டதே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 சதவீத வரி. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஒரு கை தடுப்பதை மறு கை ஊட்டுகிறது.

பிரதமர் நரேந்திர மோடி 2025 பிப்ரவரி ‘மனதின் குரல்’ உரையில், சமையல் எண்ணெயை மாதந்தோறும் 10 சதவீதம் குறைத்து வாங்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். நடிகர் மோகன்லால் உள்ளிட்ட பத்துப் பேரை அவ்வியக்கத்துக்கு முன்மொழிந்தார். வேண்டுகோளால் பேச்சு எழும். பேச்சு எழுந்த பின் வீட்டு வாசலுக்கு யார் வருகிறார் என்பது அடுத்த கேள்வி.

வாசலுக்கு வருபவர் ஏற்கெனவே இருக்கிறார். கேரளத்தில் ஆஷா பணியாளர் ‘சைலி’ செயலியோடு வீடு வீடாகச் சென்று முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் வாழ்க்கைமுறை நோய்கள் குறித்துக் கேட்டுப் பதிவு செய்கிறார். எல்லைக்கு அப்பால், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்பளவுக்கு என்றே ஒரு வரி உண்டு. பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒரு மதிப்பெண், 90-ஐத் தாண்டினால் இரண்டு.

அந்த அளவு பதிவான பிறகு நடப்பதுதான் குறை. சர்க்கரை கூடியிருந்தால் மாத்திரை வரும். அழுத்தம் கூடியிருந்தாலும் வரும். இடுப்பு மட்டும் கூடியிருந்தால் ‘நடங்கள், எண்ணெயைக் குறையுங்கள்’ என்ற சொல் வரும். பருமன் இத்திட்டங்களில் வேறு நோய்களுக்கான அபாயக் காரணியாகவே நிற்கிறது. தனக்கென்று தொடர் வருகையும் குறிப்பேடும் உள்ள நோயாக நிற்கவில்லை. சர்க்கரை ஏறும் வரை காத்திருந்து பிறகு மருந்து தருவதற்கு மட்டுமே இரு மாநில அரசுகளும் செலவிடுகின்றன.

நெய்யாற்றின்கரைக் குழுக்கள் இந்த இடைவெளியில் என்ன செய்ய முடியும் என்பதை ஓரளவு காட்டின: காய்கனியைக் கூட்டினார்கள், மதுவைக் குறைத்தார்கள், எடையைக் குறைக்கவில்லை. ஊசி மறுபுறத்தைக் காட்டுகிறது: எடையைக் குறைக்கும், தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லித் தராது, நின்றால் பலனும் நிற்கும். மருந்து யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவரை அரசு மருத்துவமனையில் தேர்ந்தெடுத்து, மருந்து நடக்கும் மாதங்களிலும் அது நின்ற பின்னும் அவரை அவருடைய தெருவிலேயே ஒரு குழுவோடு சேர்த்து வைப்பது என்ற வழியை இவ்விரண்டும் சேர்ந்து கேட்கின்றன. அதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. பதினைந்து கூட்டங்களோடு கலையாத குழுவும், அதை நடத்துபவருக்கு ஊதியமும், இந்திய உடலுக்குப் பொருந்தும் தகுதி வரம்பும் வேண்டும்.

பாறசாலை வட்ட மருத்துவமனையிலும் நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையிலும் தொற்றா நோய்ப் பிரிவின் முன் காலையில் வரிசை நிற்கிறது. வரிசையில் இருப்போர் பெரும்பாலும் சர்க்கரை ஏறிய பின் வந்தவர்கள். ஏறுவதற்கு முன், 90 சென்டிமீட்டர் இடுப்போடு வீட்டிலிருக்கும் பெண்ணின் பெயர் ஆஷா பணியாளரின் கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது. அடுத்து அவரைப் பார்க்க யார், எப்போது செல்ல வேண்டும் என்பதற்கு அச்செயலியின் இருபுறத்திலும், எல்லையின் இருபுறத்திலும் இன்னும் விதி எழுதப்படவில்லை.